பாட்டுக்குள் பொருள் இருக்கிறதா, நாம் ஏற்றிச் சொல்கிறோமா?

மலேசியாவின் பந்திங்கில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பயிலும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கோயில் விழா மேடைகளிலும் பள்ளி நிகழ்ச்சிகளிலும் பேச வருகிறவர்கள் சினிமாப் பாட்டின் ஓர் அடியை எடுத்துக்கொண்டு, அதற்குள் பெரிய தத்துவம் அடங்கியிருப்பதாக விளக்குகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய தந்தையோ, "படம் படம்தான், பார்த்துவிட்டுப் போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்கிறார். மறைபொருள் என்பது உண்மையிலேயே படத்திலும் பாட்டிலும் இருக்கிறதா, கேட்பவர் தாமாக ஏற்றிச் சொல்வதா, அதிலிருந்து வாழ்க்கைக்கு ஊக்கம் பெறுவது அறிவுடைமை ஆகுமா என்று அந்தத் தம்பி அறிய விரும்புகிறார். இதே வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, மாணவர்களோடு பாட்டுகளை அடி அடியாகப் பிரித்துப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன்.

பொருள் இருக்கிறது. ஏற்றிச் சொல்வதும் நடக்கிறது. இரண்டையும் பிரித்தறிய நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. அதைத் தேடி வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. சொல்லாமல் சொல்வதைப் பற்றி உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்கிறது. குறுந்தொகையில் கபிலர் பாடிய இருபத்தைந்தாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சி என்று யாரும் இல்லை, அவன் வாக்குத் தவறினால் தான் என்ன செய்வது என்று தலைவி கலங்குகிறாள். தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு குருகு என்னும் நீர்ப்பறவை ஒன்று மட்டும் அங்கே நின்றதாம். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். இருந்த ஒரே சாட்சியும் தன் இரையிலேயே கண்ணாக இருந்தது. தலைவனும் அப்படித்தான் இருந்தான் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்தப் பொருளை நாம் கற்பித்துக்கொள்ளவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? அந்தக் குருகு சும்மா நின்றதாகக் கபிலர் பாடவில்லை, மீன் பார்த்து நின்றதாகப் பாடியிருக்கிறார். அந்த ஒரு விவரத்தை நீக்கிவிட்டால் உள்ளே இருக்கும் பொருளும் போய்விடும். ஆகவே ஒரு படத்திலோ பாட்டிலோ மறைபொருள் இருப்பதாக யாராவது சொன்னால், அது அந்தப் படைப்பின் எந்த விவரத்தின் மேல் நிற்கிறது என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட முடிந்தால் ஏற்றுக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால், பேசியவருடைய நல்லெண்ணத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

தோட்டத்து மக்கள் நன்கறிந்த ஒரு பாட்டில் இதைச் செய்து பார்ப்போம். 1958ஆம் ஆண்டு வெளிவந்த நாடோடி மன்னன் படத்தில், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, டி. எம். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடிய "காடு வெளையட்டும் பொண்ணே" என்ற பாட்டு அது. வானொலியில் இன்றும் ஒலிக்கும் அந்தப் பாட்டைப் பலர் உழைப்பின் பெருமை பேசும் பாட்டு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கம் அப்படித்தான் இருக்கிறது. சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தி, ஏர் ஓட்டி, கண்மாய்க் கரையை உயர்த்திக் கட்டி, வாய்க்கால் வெட்டி, நாற்றைப் பறித்து நட்டு, வரப்பே மறையும் அளவுக்கு நெல் விளைந்து நிற்பதை ஆண் குரல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறது. கேட்பவர் மனம் நிறைந்து நிற்கும் அந்த நேரத்தில் பெண் குரல் குறுக்கிட்டு, காடு விளைந்தால் என்ன மச்சான், நமக்குக் கையும் காலும்தானே மிச்சம் என்கிறது.

பாட்டின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதுவரை வந்த அடிகள் எல்லாம் வேலையின் பட்டியல். அதில் கூலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தக் குறையை அவள்தான் காண்கிறாள். உண்மையைப் பெண்ணுக்கும், காலம் வரும் என்ற நம்பிக்கையை ஆணுக்கும் கவிஞர் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார் என்பதை யார் எந்த அடியைப் பாடுகிறார்கள் என்று கவனித்தவுடன் அறிந்துகொள்ளலாம். தஞ்சை மண்ணில் பிறந்து, விவசாயிகள் இயக்கத்தோடும் பொதுவுடைமை இயக்கத்தோடும் பழகி, 1959ஆம் ஆண்டில் இருபத்தொன்பது வயதிலேயே மறைந்துபோன கவிஞர் அவர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாட்டு இன்னும் துலங்கும். தெரியாவிட்டாலும் பாட்டு தன் பொருளைத் தானே சொல்லிவிடும்.

இப்போது இந்தப் பாட்டை நம் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் காதால் கேட்டுப் பாருங்கள். என் தாயார் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, மரவரிசையான நிரைக்குள் நுழைந்து, ஒவ்வொரு மரமாக நின்று உளியால் பட்டையைச் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்துக்கொண்டே போவார். மரத்தைக் காயப்படுத்தாமல், பட்டையை வீணாக்காமல், சரிவு மாறாமல் வெட்டுவது எளிதில் கைவரும் வேலை அன்று. பிறகு பாலைச் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால், எடை பார்ப்பார்கள். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மழை பெய்துவிட்டால் அன்றைய உழைப்பு மரத்தடியிலேயே கரைந்துபோகும். தோட்டத்தில் மரங்கள் பெருகின, தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா பெருகியது, தொழிலாளர் குடியிருந்த லயத்தின் கூரை மட்டும் அப்படியே இருந்தது. பானுமதியின் குரலில் அந்த அடி வரும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு முன்னால் நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் விளக்கவுரை சொல்லவில்லை.

நெல்லைப் பற்றி எழுதிய பாட்டை ரப்பர் மரத்துக்குப் பொருத்திக்கொள்வது ஏற்றிச் சொல்வது ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. விளைச்சலுக்கும் கூலிக்கும் இடையே உள்ள இடைவெளிதான் அந்தப் பாட்டு. நெல் அதற்கு ஒரு களம். பாட்டிலேயே பின்னால் சுரங்கம் வெட்டுகிறவர், மாளிகை கட்டுகிறவர், முத்துக் குளிக்கிறவர் என்று மற்றத் தொழிலாளர்களும் வருகிறார்கள். நிலத்திலிருந்து தொழில் முழுமைக்கும் கவிஞரே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் நுழைவதில் தவறு இல்லை. ஆனால் இதே பாட்டை எடுத்துக்கொண்டு, "ஆகவே பொறுமையாக உழைத்துக்கொண்டே இருங்கள், காலம் தானாக மாறும்" என்று ஒருவர் மேடையில் முடித்தால், அவர் பாதிப் பாட்டைக் கைவிட்டுவிட்டார் என்று பொருள். கதாநாயகன் காலத்துக்காகக் காத்திருக்கப் போவதாகச் சொல்லவில்லை. தானே சட்டம் போடப் போவதாகப் பாடுகிறான். அந்த அடியை வாயசைத்துப் பாடிய எம். ஜி. ஆர். 1977ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார் என்பதை எண்ணும்போது, அந்தக் காலத்துப் படங்களில் காதலுக்கும் சண்டைக்கும் நடுவே எவ்வளவு அரசியல் நடந்திருக்கிறது என்பதை உணரலாம்.

சில இடங்களில் பொருளை மறைத்து வைத்தவரும் தெரிவார், அதைக் கண்டுபிடித்துத் தடுத்தவரும் தெரிவார். 1966ஆம் ஆண்டின் அன்பே வா படத்தில் வாலி எழுதிய "புதிய வானம் புதிய பூமி" பாட்டில் உதயசூரியன் என்று முதலில் இருந்த சொல், தணிக்கைக்குப் பிறகு புதிய சூரியன் என்று மாறியது. மேலோட்டமாகப் பார்த்தால் மலைப்பிரதேசத்தில் துள்ளிக் குதித்துப் பாடும் பாட்டு அது. உதயசூரியன் தி.மு.க.வின் தேர்தல் சின்னம் என்பது தணிக்கை செய்தவர்களுக்கும் தெரியும், பாடியவருக்கும் தெரியும், கேட்ட மக்களுக்கும் தெரியும். அடுத்த ஆண்டே அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. சொல்லை மாற்றிய பிறகும் மக்கள் அதைப் பழைய சொல்லாகவே கேட்டார்கள். எங்கே தடை விழுகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது என்று தேடத் தொடங்குவது நல்ல பழக்கம்.

கவிஞர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி உலவும் கதைகளை இதோடு சேர்த்துவிடாதீர்கள். கண்ணதாசன் இன்ன பாட்டை இன்னார்மீது கோபம் கொண்டு எழுதினார், இன்ன அடி இன்ன தலைவருக்கு விடுத்த தூது என்று ஏராளமான கதைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கதையை எடுத்துவிட்ட பிறகு பாட்டில் என்ன நிற்கிறது என்பதே நமக்கு வேண்டியது.

சொல்லில் மட்டுமே பொருள் தேடுகிறவர்கள் தமிழ்த் திரையிசையில் பாதியை இழந்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. இளையராஜா இசையமைத்து 1985ஆம் ஆண்டு வெளிவந்த கே. பாலசந்தரின் சிந்து பைரவி படத்தில் "பாடறியேன் படிப்பறியேன்" பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாமரருக்கும் புரியும்படி தமிழில் பாடக்கூடாதா என்று ஒரு பெண் புகழ்பெற்ற கர்நாடக இசைப் பாடகரைக் கச்சேரி நடுவே கேட்கிறாள். முடிந்தால் நீயே பாடிக் காட்டு என்ற நிலை வரும்போது, படிப்பு அறியாதவள் பாடுவதுபோல ஒரு நாட்டுப்புறப் பாட்டைத் தொடங்குகிறாள். பாட்டு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் தியாகராஜரின் "மரி மரி நின்னே" கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. சபை எழுந்து கைதட்டுகிறது. சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அது.

இங்கே மறைபொருள் ராகத்தில் இருக்கிறது. அந்தக் கீர்த்தனை வழக்கமாகப் பாடப்படுவது காம்போஜியில். இளையராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். நாட்டுப்புறப் பாட்டும் அதே சாரமதி. தெருப்பாட்டு முடிந்து சாஸ்திரிய சங்கீதம் தொடங்கும் இடத்தில் தையல் தெரியாது. இரண்டும் ஒரே துணி. அந்தப் பெண் வாயால் வாதாடியதை இசையமைப்பாளர் ஸ்வரத்தால் நிரூபித்துவிட்டார். மோக்ஷமு கலதா என்ற தியாகராஜர் கீர்த்தனையும் சாரமதியில் அமைந்ததுதான். அதையும் இந்தப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ராகம் பயிலாதவருக்கும் உறவு பிடிபட்டுவிடும். கோயிலில் தப்பு அடிக்கிறவரையும் தேவாரம் பாடுகிறவரையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைத்துப் பழகிய நம் ஊர்களுக்கு இந்தப் பாட்டில் கேட்க வேண்டிய செய்தி இருக்கிறது.

இனி நம் மண்ணையே கதைக்களமாகக் கொண்ட படத்துக்கு வருவோம். பா. ரஞ்சித் இயக்கி, 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த கபாலியில் ரஜினிகாந்த் பெரும்பாலான காட்சிகளில் கோட்டும் சூட்டுமாக வருவதைக் கண்டு, அது வெறும் ஸ்டைல் என்று சொன்னவர்கள் பலர். படம் தன் விளக்கத்தைத் தானே வைத்திருக்கிறது. காந்தி மேல்சட்டையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் பின்னால் அரசியல் இருக்கிறது என்று கபாலியே ஒரு காட்சியில் பேசுகிறார். சிறையில் நாம் அவரை முதலில் காணும்போது அவர் கையில் இருப்பது ஒய். பி. சத்யநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலையா’ என்ற நூல். தெலங்கானாவின் தலித் குடும்பம் ஒன்று கல்வியால் தலைமுறை தலைமுறையாக மேலெழுந்த வரலாறு அது. கோட்டு ஒரு விவரம், பேச்சு ஒரு விவரம், புத்தகம் ஒரு விவரம். மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனால் நம் வட்டாரத்துக்கு அந்தக் கோட்டு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். பின்னர் அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்பது ஒன்று. துரையோ தோட்ட உத்தியோகத்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது மற்றொன்று. கூலியையும் கல்வியையும் மருத்துவத்தையும் கேட்டவர்கள், அதே தாளில் சைக்கிளைப் பற்றியும் எழுதினார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போகும் உரிமைக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு அது. படத்தில் இளைஞன் கபாலி சம ஊதியம் கேட்டுப் போராடித் தலைவனாகிறான். கிள்ளான் வரலாற்றை அறிந்த ஒருவர் அந்தக் கால்மேல் கால் போட்ட இருப்பையும் மடிப்புக் கலையாத கோட்டையும் பார்க்கும்போது, சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த மனிதனைத்தான் பார்க்கிறார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்துவிட்டார்கள், வேலைநிறுத்தத்தைக் கேள்விப்பட்டதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இங்கேயும் ஓர் எல்லை உண்டு. படத்தில் நாசர் ஏற்ற தலைவர் பாத்திரத்துக்குத் தமிழ்நேசன் என்று பெயர். 1924 முதல் 2019 வரை நம் நாட்டில் வெளிவந்த நாளிதழின் பெயரும் தமிழ் நேசன்தான். பெயர் ஒத்திருப்பது கேட்க இனிமையாக இருக்கிறது. அதற்கு மேல் படம் எந்த விவரத்தையும் தராததால், அதன்மேல் ஒரு விளக்கத்தைக் கட்டக்கூடாது. படத்தின் முடிவு வேறு கதை. தமிழ்நாட்டில் வெளியான படம், கபாலியை ஒருவன் நெருங்கி வரத் திரை இருண்டு, துப்பாக்கி ஓசையோடு முடிகிறது. இங்கே திரையிட்ட படத்தில் அவர் காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற வாசகம் இறுதியில் சேர்க்கப்பட்டது. ஒரே படம், இரண்டு நாடுகளில் இரண்டு முடிவு. எந்த முடிவு யாரை அமைதிப்படுத்துகிறது என்று யோசிப்பதே ஒரு நல்ல பயிற்சி.

ஊக்கத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊக்கம் பெறலாம், ஆனால் முழுப் பாட்டிலிருந்தும் முழுப் படத்திலிருந்தும் பெற வேண்டும். 1980ஆம் ஆண்டின் நிழல்கள் படத்தில் வாலி எழுதி எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடிய "மடை திறந்து" பாட்டை அதிகாலையில் கேட்டால் எவருக்கும் எழுந்து ஓடத் தோன்றும். அந்தப் பாட்டுக்கு உரியவன் வெற்றி பெற்றவன் அல்லன். வாய்ப்புக் கிடைக்காமல் அலையும் இளம் இசையமைப்பாளன். வேலையில்லாத இளைஞர்களின் துயரத்தைச் சொன்ன அந்தப் படமும் திரையரங்கில் ஓடவில்லை. கனவு காண்கிற ஒருவனின் பாட்டு என்று தெரிந்து கேட்கும்போது அதன் வேகத்துக்குள் இருக்கும் ஏக்கமும் கேட்கும். 2006ஆம் ஆண்டில் நம் யோகி பியும் நட்சத்ராவும் வல்லவன் தொகுப்பில் அதே பாட்டைச் சொல்லிசை (ராப்) ஆக்கியபோது, மலேசியத் தமிழ் இளைஞர்களின் குரல் தமிழ்நாட்டையும் எட்டியது. தோற்ற படத்தில் இருந்த கனவை இருபத்தாறு ஆண்டுகள் கழித்து வேறொரு கரையில் எடுத்து நிறைவேற்றியவர்கள் இவர்கள். ஊக்கம் பெறுவது என்றால் இப்படி, எடுத்ததைக் கொண்டு ஒன்றைச் செய்து காட்டுவது.

தவறாகப் பெறும் ஊக்கத்தையும் நம் நாட்டுப் படமே காட்டியிருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஜகாட், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தில் 1990களின் தொடக்கத்தில் வளரும் சிறுவன் ஒருவனின் கதை. 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. படிப்பை வற்புறுத்தும் தந்தைக்கும் குண்டர் வாழ்க்கையின் கவர்ச்சிக்கும் நடுவே அந்தச் சிறுவன் நிற்கிறான். சண்டைக் காட்சியின் கைதட்டலை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வருகிற பிள்ளைகளை ஆசிரியராக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் தந்தை "படம் படம்தான்" என்று சொல்வதற்கு இந்த அச்சமே காரணமாக இருக்கலாம். அவருடைய அச்சத்துக்கு மதிப்புக் கொடுங்கள். அவரோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள்.

நீங்களே இதைத் தொடங்க விரும்பினால், பட்டுக்கோட்டையாரின் அந்தப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். வரிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பாடுகிறார்கள் என்று குறியுங்கள். எந்த இடத்தில் ஒரு குரல் மற்றொரு குரலுக்கு விடை சொல்கிறது, எந்த இடத்தில் விடை சொல்லாமல் நழுவுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு, தோட்டத்தில் வேலை செய்த வயதானவர் ஒருவரிடம் அதே பாட்டைக் கேட்கச் செய்து, எந்த அடியில் அவர் நிற்கிறார் என்று கவனியுங்கள். நீங்கள் கோடிட்ட அடியும் அவர் நின்ற அடியும் வேறாக இருந்தால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் ஆறாம் படிவக் கட்டுரைக்கு வேண்டியது அந்த உரையாடலிலேயே கிடைத்துவிடும்.